துபாயில் ஒழுங்காக ஓட்டுபவர் கீழக்கரையில் ஏன் மாறிவிடுகிறார்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 9 வருஷமாகத் துபாயில் கார் ஓட்டுகிறீர்கள், விதி மீறினால் லைசென்ஸில் ஏறும் கருப்புப் புள்ளி ஒன்றுகூட விழுந்ததில்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை உயிர் போய்த் திரும்புகிறது. அங்கே கோடு தாண்டாமல் ஓட்டும் அதே நம்மூர்ப் பையன்கள், இங்கே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே பைக்கில் மூன்று பேராகப் போகிறார்களே, ஏன்? வருகிற டிசம்பரில் மதுரையில் இறங்கிக் குடும்பத்தோடு வரும்போது நானே ஓட்டலாமா, டிரைவர் போட வேண்டுமா? இவ்வளவுதான் கேட்டிருந்தீர்கள்.

நான் 11 வருஷம் ராமேஸ்வரம், மண்டபம் பக்கமிருந்து மீன் லோடு ஓட்டினேன். அப்புறம் 18 வருஷமாக ராமநாதபுரத்தில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"நம்ம ஜனங்களுக்கே ஒழுங்கு கிடையாது" என்று எல்லாரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. அதற்குப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அங்கே ஓட்டுபவரும் இங்கே ஓட்டுபவரும் ஒரே ஆள். விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் குணம் மாறிவிடுமா? மாறுவது சாலையும், மாட்டிக்கொள்வோமா என்கிற கணக்கும்தான். அங்கே சிக்னலில் சிவப்பைத் தாண்டினால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கருப்புப் புள்ளி. 24 சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். தண்டனை பெரிதுதான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், கேமரா ராத்திரி 2 மணிக்கும் தூங்குவதில்லை. இங்கே ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் என்று 2022 அக்டோபரில் உயர்த்தினார்கள். நம்மூர்ச் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் போலீஸ் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிற்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். போலீஸ் நிற்கும் பட்டணம்காத்தான் நெருங்கும்போது டேங்க் மேல் இருக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். எப்போதாவது விழும் பெரிய அபராதத்தைவிட, தவறாமல் விழும் சின்ன அபராதம்தான் மனுஷனைத் திருத்தும் என்பது என் அனுபவம்.

இது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்ல என் லோடு காலத்துச் சம்பவம் ஒன்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குத் தூத்துக்குடிக்கு இறால் லோடு. திருப்புல்லாணி தாண்டிக் கொஞ்ச தூரம். சூரியன் நேர் எதிரே இறங்கி, வெளிச்சம் போயும் போகாத நேரம். எதிரே ஒரு பஸ் பிரைட் போட்டுக்கொண்டு வந்தது. நான் டிம் அடித்துப் பார்த்தேன், அவர் குறைக்கவில்லை. பஸ் கடந்ததும் இரண்டு விநாடி கண் ஒன்றும் தெரியவில்லை. தெளிந்து பார்த்தால் என் பம்பருக்கு முன்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம், பின்னால் குறுக்காகச் சீமைக் கருவேல விறகுக் கட்டு. கட்டு பின் விளக்கை முழுசாக மறைத்திருந்தது. அவர் இருபதில் போகிறார், நான் அறுபத்தைந்தில் வருகிறேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். உள்ளே ஐஸ் பெட்டிகள் நகர்ந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. என் இடது கண்ணாடி ஒரு குடத்தைத் தட்டி, குடம் ரோட்டில் உருண்டு ஓடியது. நிறுத்திவிட்டுக் கை நடுங்க இறங்கி ஓடினேன். அறுபது வயசுப் பெரியவர், ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அவர் கோபமேபடாமல் குடத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ பாத்து ஒதுங்கிருவேன்னு தெரியும்ப்பா."

அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நம் கடற்கரையில் வண்டி ஓட்டும் முறை முழுவதும் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. நம் ஆட்கள் பயம் தெரியாதவர்கள் இல்லை. எதிரே வருபவன் பார்த்து ஒதுங்கிக்கொள்வான் என்று நம்புகிறார்கள். கீழக்கரையில் உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். இரண்டு பைக் ஒதுங்கவே இடமில்லாத சந்தில், கண்ணைப் பார்த்து, தலையை அசைத்து, ஒருத்தர் காலை ஊன்றி வழி விடுகிறார். அங்கே அந்த நம்பிக்கை அழகாக வேலை செய்கிறது, ஏனென்றால் வேகம் பதினைந்து. அதே நம்பிக்கையை அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அங்கே யாரும் யார் கண்ணையும் பார்க்க முடியாது.

கணக்காகவே சொல்கிறேன், என் மாணவர்களுக்கும் முதல் நாள் இதைத்தான் எழுதிப்போடுவேன். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார், நல்ல டயர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி முழுசாக நிற்க சுமார் 45 மீட்டர் வேண்டும். 80-இல் சுமார் 70 மீட்டர். 100-இல் கிட்டத்தட்ட 100 மீட்டர். இன்னொரு விதமாகச் சொன்னால், 60-இல் வந்த கார் நின்றுவிடும் அதே இடத்தில், 80-இல் வந்த கார் இன்னும் 65 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். டிம் லைட் போட்டால் ராத்திரியில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 40 மீட்டர்தான். அப்படியென்றால் இருட்டில் டிம் லைட்டோடு 80-இல் போகிறவர், தன்னால் நிற்க முடியாத தூரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார். "பார்த்து ஒதுங்கிடுவான்" என்றால், பார்க்கவே முடியாதே!

நம் ரோட்டின் சிக்கல் அது குறுகல், குண்டும் குழியும் என்பது இல்லை. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் யாரும் நாற்பதைத் தாண்டியதில்லை. இப்போது தொண்டியிலிருந்து தேவிபட்டினம், ராமநாதபுரம், ஏர்வாடி விலக்கு, சாயல்குடி என்று ஒரே நீட்டாக, மேடு பள்ளம் இல்லாத ரோடு. காலி ரோடு காலை அழுத்தச் சொல்லும். ஆனால் உங்கள் துபாயில் வேகச் சாலைக்கு ஆள் நுழையாதபடி கம்பி வேலி, நடந்து கடக்க மேலே பாலம். இங்கே அதே தாரில் எழுபதில் பஸ், இருபதில் டிவிஎஸ், பத்தில் சைக்கிள், நடந்து போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ராத்திரியானால் தார்ச் சூட்டுக்குப் படுத்துக்கிடக்கும் மாடு. வேகத்தைவிட, வேகங்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம்தான் இங்கே ஆளைக் கொல்கிறது.

சீமைக் கருவேலத்தையும் சொல்ல வேண்டும். ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி வளர்ந்து நிற்கிறது. மழைக்கு அப்புறம் கிளை தார் விளிம்பு வரை வந்துவிடும். விலக்கு ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பைக், முன் சக்கரம் தாரில் ஏறும் வரை உங்கள் கண்ணுக்குத் தெரியாது, நீங்களும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம். ஒவ்வொரு விலக்கிலும் இரண்டு பக்கமும் 50 மீட்டருக்கு மரத்தை வேரோடு எடுத்துவிட்டு, விலக்கு ரோட்டில் ஒரு வேகத்தடை, ஒரு விளக்கு. ஊராட்சிகள் நினைத்தால் இதைத் தாங்களே கேட்டு வாங்கலாம். கரி மூட்டம் போடுகிறவர்கள் மரத்தைச் சந்தோஷமாக வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நால்வழி ஆக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நேருக்கு நேர் மோதுவது அதனால் குறையும், அது பெரிய விஷயம்தான். ஆனால் மதுரை – பரமக்குடி நால்வழியில் நான் தினமும் பார்ப்பது ராங் சைடு. சென்டர் மீடியனில் திறப்பு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வயலுக்குப் போகிறவர் சுற்றிக்கொண்டு வருவாரா? பெட்ரோல் காசு, நேரம், இரண்டையும் பார்த்து ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஊருக்கு ஊர் கீழ்ப்பாலமும் சர்வீஸ் ரோடும் இல்லாமல் நால்வழி போட்டால் இதுதான் நடக்கும்.

மீன் வண்டிக்காரர்களைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தீர்கள். நானும் அந்த சீட்டில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். விசைப்படகுகள் பாக் நீரிணையில் வாரத்துக்கு 3 நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அந்தக் காலையில் எல்லா லோடும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஐஸ் உருக உருக மீனின் விலை இறங்கும். நேரத்துக்குப் போனால் டிரைவருக்கு முழு வாடகை, பிந்தினால் வியாபாரி கையை விரிப்பார். என் முதலாளி ஒருவர், "இத்தனை மணிக்குள்ளே போ" என்று சொல்வாரே தவிர, "இத்தனை வேகத்துக்கு மேலே போகாதே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் வருமானமில்லாமல் கடன் வாங்கியவர், ஜூன் 15-க்கு அப்புறம் மூன்று ராத்திரி தூங்காமல் டிரிப் அடிப்பார். அவருடைய வலது காலை அழுத்துவது அந்தக் கடன். லோடு ஏற்றிவிடும் வியாபாரி இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் ஐஸ் தண்ணீரை ரோட்டில் வடியவிட்டுக்கொண்டு போவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். மீன் எண்ணெய் கலந்த அந்த ஈரத்தில் பைக் வழுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொட்டி வைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். "ரெண்டு தெரு தள்ளித்தானே, மெதுவாத்தானே போறேன்" என்பார்கள். நின்றுகொண்டிருக்கும் ஆளின் தலை ஐந்தடி உயரத்திலிருந்து தரையில் விழுந்தாலே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். பைக் ஓடவே வேண்டாம், சாய்ந்து விழுந்தாலே போதும். ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் உயிரிழப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாதவர்கள் மட்டும் 50,029. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். 17,884 உயிர் போனது. ஒரு பெரிய ஊரே ஒரு வருஷத்தில் காலியானதற்குச் சமம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வாங்கினால் வார் மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் ஆளுக்கு முன்னால் பறந்துபோய் விழும்.

பையன்களுக்கு வண்டி கொடுப்பது நம் பக்கம் பெருமையாக இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் அப்பா பணம் அனுப்பி, பத்தாவது பாஸானதும் பைக். 2019 சட்டத் திருத்தப்படி 18 வயசுக்குக் கீழே உள்ளவர் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதைச் சொன்னால் முகம் மாறாத தகப்பனை நான் பார்த்ததில்லை. என் தொழிலிலும் குறை இருக்கிறது. எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ். எட்டுப் போடத் தெரிவதற்கும், எதிரே லாரி வரும்போது இப்போது முந்தலாமா கூடாதா என்று முடிவெடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 50-இல் போகும் லாரியை 80-இல் முந்த 6 விநாடியாவது வேண்டும். எதிரே வருபவரும் 80-இல் வந்தால், அதற்குள் நீங்கள் இருவரும் சேர்ந்து சுமார் 270 மீட்டரை விழுங்கிவிடுவீர்கள். மத்தியானக் கானலில் அந்தத் தூரத்தில் வரும் பைக் கண்ணுக்கே தெரியாது. இதை ரோட்டில் உட்கார்த்திவைத்துத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். நான் ஒவ்வொருவரையும் ஒரு நாள் சாயங்காலம் உச்சிப்புளி வரை கூட்டிக்கொண்டு போகிறேன்.

சரி, உங்கள் பயணம். இறங்கிய அன்றைக்கு நீங்கள் ஓட்டாதீர்கள். தூக்கமில்லாத கண் ஒரு காரணம். பெரிய காரணம், அங்கே வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை. கூட்டத்தில் தப்பு வராது, மற்ற வண்டியைப் பார்த்துப் போய்விடுவீர்கள். பெட்ரோல் பங்கிலிருந்தோ விலக்கிலிருந்தோ காலி ரோட்டில் திரும்பும்போதுதான் கை தானாக வலது பக்கம் ஏறும். இரண்டு நாள் ஊருக்குள்ளே ஓட்டிப் பழகிவிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போங்கள்.

டிரைவர் போட்டால், எவ்வளவு வாடகை என்று கேட்பதற்கு முன்னால் நேற்று ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். டிசம்பரில் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வேன்கள் ராமேஸ்வரத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். நாலைந்து நாளாக ஸ்டியரிங்கைவிட்டு இறங்காத டிரைவர்கள் உண்டு. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை ரோட்டில் இருக்காதீர்கள். விமானம் எந்த நேரத்தில் இறங்கினாலும் மதுரையில் படுத்து எழுந்து, விடிந்து கிளம்புங்கள். விடிந்ததும் கிழக்கே வரும்போது சூரியன் முகத்தில் அடிக்கும், கண்ணாடியை உள்ளேயும் துடைத்து வையுங்கள். மக்ரிப், அதாவது சூரியன் மறையும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி எந்த மாதமானாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். நோன்பு மாதத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும், நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் பைக்குகள் எல்லாச் சந்திலிருந்தும் வரும்.

நம்மூர் சைகைகளை மறந்திருப்பீர்கள். எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீ போ" என்று அர்த்தமில்லை, "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். முன்னால் போகும் லாரி இடது இன்டிகேட்டர் போட்டால் முந்தச் சொல்கிறாரா, நிஜமாகவே திரும்பப் போகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்டிகேட்டரை நம்பி முந்தாதீர்கள், கண்ணால் பார்த்த ரோட்டை நம்பி முந்துங்கள்.

பிள்ளைகளுக்குப் பாம்பன் காட்டுவீர்கள். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் நடுவில் மேடாக ஏறி இறங்கும், மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரியாது. எல்லாரும் புது ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுப்பாலத்தில் காரை நிறுத்துகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், நிறுத்தியவர்கள் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஏறுங்கள். தனுஷ்கோடி தாண்டிப் போகும் அரிச்சல்முனை ரோட்டில் காற்று மணலை வாரித் தாரில் பரப்பிவிடும். காருக்குப் பரவாயில்லை, பைக்கில் போகும் மச்சான்மாரிடம் பிரேக்கைத் திடீரென்று பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் வண்டியை நிறுத்துங்கள். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்ற பயம் பழைய காலத்தது. உதவியவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-இல் அது சட்டத்திலும் ஏறியது. 108-க்குக் கூப்பிடுங்கள். எந்த ஊர், எந்த விலக்கு, எந்தப் பக்கம் போகும் ரோடு என்ற மூன்றையும் சொன்னால் அவர்கள் தேட வேண்டியதில்லை. அடிபட்டவர் ஹெல்மெட் போட்டிருந்தால் நீங்கள் இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்து போய்விடும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை, அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் காசு கேட்கமாட்டார்கள். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் இது பொருந்தும். பணமில்லை என்று யாரும் தயங்க வேண்டாம்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், வாப்பா இன்னும் டிவிஎஸ்ஸில்தான் விடியுமுன் சுபுஹு தொழுகைக்குப் போகிறார், எவ்வளவு சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார் என்று. அவரை நிறுத்தாதீர்கள், அந்த வயசில் அது அவருடைய கால். ஊருக்கு வந்த அன்றைக்கே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின்னால் போய் நின்று, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லி இன்னொரு தடவை பாருங்கள். மட்கார்டிலும் இரண்டு பக்கப் பெட்டியிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். அப்புறம் ராத்திரி உங்கள் கார் லைட்டைப் போட்டு ஐம்பதடி பின்னால் நின்று, அவர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.